டாய்லெட் சீட்டில் விடாப்பிடிக் கறையா? தேய்க்காதீர்கள், பத்துப் போடுங்கள்

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, குந்தி உட்காரும் பழைய கக்கூஸை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம். தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் போர் தண்ணீர்தான். வெள்ளை வெளேரென்று வந்த சீட்டில் மூன்றே மாதத்தில் உப்புப் புள்ளிகள் வந்தன. அப்புறம் முன்பக்கம் மஞ்சள் ஓரம், பின்னால் கீல் பக்கம் செம்பழுப்புக் கோடு. "எவ்வளவு கழுவினாலும் அசிங்கமா தெரியுதுடா, உட்காரவே கூசுது" என்றார் அம்மா.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து அரை மணி நேரம் தேய்த்தேன். கறை போனது, கூடவே சீட்டின் பளபளப்பும் போனது. இரண்டு வாரத்தில் அதே இடத்தில் முன்பைவிடக் கருப்பாக அழுக்கு ஏறியது. கம்பி நார் போட்ட நுண்ணிய கீறல் ஒவ்வொன்றும் அழுக்குக்கு ஒரு வாய்க்கால் ஆகிவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது. அந்தச் சீட்டை மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு அடுத்த சீட் ஐந்து வருடமாக இன்னும் வெள்ளையாக இருக்கிறது. தண்ணீர் அதே போர் தண்ணீர்தான். மாறியது கழுவும் முறை மட்டுமே: தேய்ப்பதை விட்டுவிட்டு, நனைத்த துணியைக் கறைமேல் ஒட்டி ஊற வைக்கிறேன். இதைத்தான் பத்துப் போடுவது என்கிறேன்.

புதிதாக வாடகை வீடு புகுந்தவர்களும், பெற்றோருக்காக இப்போதுதான் வெஸ்டர்ன் வைத்தவர்களும் இதைப் படித்துவிட்டுப் பிரஷ்ஷைக் கையில் எடுங்கள்.

முதலில், சீட் வேறு, கோப்பை வேறு

கீழே இருக்கும் கோப்பை பீங்கான். அதன்மேல் கண்ணாடி போன்ற மெருகு சுட்டு ஏற்றப்பட்டிருக்கும். அமிலத்தை அது தாங்கும். மேலே இருக்கும் சீட் பெரும்பாலும் பிளாஸ்டிக். கோப்பைக்கென்று விற்கும் ஹார்பிக் போன்ற திரவங்களின் லேபிளைப் பாருங்கள், ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 சதவீதம் என்று போட்டிருக்கும். அது கோப்பையின் உட்புறத்துக்கானது. அதைச் சீட்டில் ஊற்றினால் கீலில் உள்ள இரும்பு, குரோமியப் பூச்சு எல்லாம் அரிக்கும். சரியாகக் கழுவாமல் மிச்சம் இருந்தால் அடுத்து உட்காருபவரின் தோலும் எரியும். வயதானவர்களின் தோல் மெல்லியது, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சின்னப் புண்ணும் ஆற நாளாகும். அதனால் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: கோப்பை திரவம் கோப்பைக்கு மட்டும்.

உங்கள் சீட் எந்த வகை என்று பாருங்கள். தூக்கினால் லேசாக, அழுத்தினால் கொஞ்சம் வளைந்து கொடுத்தால் அது பாலிபுரோப்பிலீன், அட்டைப்பெட்டியில் பி.பி. என்று இருக்கும். கனமாக, வளையாமல், விரலால் தட்டினால் பீங்கான் தட்டு போலச் சத்தம் கொடுத்தால் அது யூரியா பார்மால்டிஹைடு, சுருக்கமாக யூ.எஃப். பளபளப்பு இதில் நெடுநாள் நிற்கும், ஆனால் கைதவறிக் கீழே விழுந்தால் உடையும். பழைய வீடுகளில் பெயிண்ட் அடித்த மரச் சீட்டும் உண்டு. மரச் சீட்டை ஊற வைக்கவே கூடாது. பெயிண்ட் விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போனால் உப்பிவிடும். ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என்ன கறை என்று கண்டுபிடியுங்கள்

பாதி வேலை இதில்தான் முடிகிறது. நான் பார்த்தவரை எல்லோரும் தவறுவதும் இங்கேதான். கையில் கிடைத்ததை ஊற்றிப் பார்ப்பார்கள், போகவில்லை என்றால் இன்னும் காட்டமானதை ஊற்றுவார்கள். ஒரு கறைக்கு மருந்தாக இருப்பது இன்னொரு கறையை நிரந்தரமாக்கிவிடும்.

கையுறை போட்டுக்கொண்டு நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். சொரசொரப்பாக, வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அது உப்புக் கறை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் தண்ணீர் காயும்போது தங்கிவிடுகின்றன. ஒரு சொட்டு வினிகரை வைத்தால் மெல்லிய குமிழ் வருவது இதற்கு அடையாளம். கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரைந்து கரியமில வாயுவை விடுகிறது. குடிதண்ணீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் தண்ணீர் எப்படி என்று அறியக் கருவி எதுவும் தேவையில்லை. சோப்பு நுரைக்காமல், பருப்பு எவ்வளவு நேரம் ஆனாலும் குழையாமல் இருந்தால் கடினத் தண்ணீர்தான்.

உப்புக் கறை கோப்பையில் வருவது புரிகிறது, சீட்டின் மேல் ஏன் வருகிறது? நம் பழக்கம்தான் காரணம். நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். ஹெல்த் ஃபாசெட்டோ மக்கோ, எதுவானாலும் ஒவ்வொரு முறையும் சீட் நனைகிறது. நனைந்தது தானாகக் காய்கிறது. காயும் ஒவ்வொரு துளியும் ஒரு வட்டத்தை விட்டுப் போகிறது. காகிதம் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு எழுதப்பட்ட குறிப்புகள் நமக்குப் பாதிதான் உதவும் என்பது இதனால்தான்.

செம்பழுப்பு நிறம் என்றால் இரும்பு. அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கீலின் திருகைச் சுற்றி மட்டும் இருந்தால் திருகு துருப்பிடிக்கிறது. சீட் முழுக்க, கோப்பையிலும் பக்கெட்டிலும்கூட இருந்தால் தண்ணீரிலேயே இரும்பு இருக்கிறது. இந்த மாதிரித் தண்ணீர் குழாயில் வரும்போது தெளிவாகவே இருக்கும். ஒரு ராத்திரி பக்கெட்டில் பிடித்து வைத்தால் காற்றோடு சேர்ந்து செம்மண் நிறத்துக்கு மாறி அடியில் வண்டலாகப் படியும்.

சீட்டின் முன்பக்க ஓரத்திலும் அடிப்புறத்திலும் வழவழப்பான மஞ்சள், கூடவே வாடை என்றால் அது சிறுநீர்க் கறை. நாளாக நாளாக இதன்மேல் உப்பும் ஏறி ஒட்டிக்கொள்ளும், பழைய கறை சொரசொரப்பாக இருப்பது அதனால்தான். அடியில் சீட்டைத் தாங்கும் ரப்பர் குமிழ்களைச் சுற்றிக் கருப்புப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. இளஞ்சிவப்பாக, தொட்டால் வழுக்கினால் அது ஈரத்தில் வளரும் பாக்டீரியா.

பெரும்பாலும் யாரும் எழுதாத கறை ஒன்று நம் வீடுகளில் உண்டு. குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாக இருக்கும் வீட்டில் மஞ்சள் தேய்த்துக் குளிப்பார்கள், அந்தத் தண்ணீர் சீட்டில் தெறிக்கும். பார்ப்பதற்குச் சிறுநீர்க் கறை போலவே இருக்கும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். சிவப்பாக மாறினால் அது மஞ்சள்தான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் சிவக்கும், குங்குமம் உருவாவதும் இப்படித்தான். சிவந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், இந்தக் கறை எல்லாவற்றிலும் எளிது.

கடைசியாக, சீட்டும் மூடியும் ஒரே சீராகப் பழுப்பேறி, எதைப் போட்டாலும் அசையாமல் இருந்தால் அது கறையே இல்லை. பிளாஸ்டிக்குக்கு வயதாகிவிட்டது. ஜன்னல் வெயிலும் அடிக்கடி போட்ட பிளீச்சும் அந்த நிறத்தைக் கொண்டுவரும். ரப்பர் குமிழைக் கழற்றிப் பாருங்கள். அது மூடியிருந்த வட்டம் மட்டும் வெள்ளையாக இருந்து, சுற்றியுள்ளது கழுவியும் மாறவில்லை என்றால் சீட்டை மாற்றுவதே வழி.

எதையும் எதோடும் கலக்காதீர்கள்

செய்முறைக்கு முன்னால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பிளீச்சிங் பவுடர், அல்லது லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்டிருக்கும் எந்தத் திரவமும், அமிலத்தைத் தொடக் கூடாது. டாய்லெட் கிளீனர், வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் ஆசிட் எல்லாமே அமிலம்தான். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் சிப்பாய்கள்மீது திறந்துவிடப்பட்டது இதே வாயுதான். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து கழுவுகிறவரின் முகம் இருப்பதும் அந்த உயரத்தில்தான்.

நான் சீட்டில் ஒன்றுதானே போடுகிறேன் என்று நினைக்கலாம். கோப்பைக்குள் காலையில் ஊற்றிய டாய்லெட் கிளீனர் இன்னும் கிடக்கலாம், சீட்டிலிருந்து வழியும் பிளீச் அதில்தான் விழும். ஆகவே எதைத் தொடங்கும் முன்பும் இரண்டு முறை ஃப்ளஷ் செய்யுங்கள். அமோனியா கலந்த கிளீனரோடும் பிளீச் சேரக் கூடாது. சிறுநீரிலிருந்தும் அமோனியா வருகிறது, அதனால் சிறுநீர் படிந்த இடத்தில் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் பிளீச்சைப் பற்றி நினைக்க வேண்டும். கண் எரிந்தால், தொண்டை கரகரத்தால் கழுவி முடிக்கலாம் என்று நிற்காதீர்கள். வெளியே வந்து கதவைத் திறந்து விடுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வேலைக்கு வேண்டியவை

ரப்பர் கையுறை ஒரு ஜோடி. மென்மையான ஸ்பாஞ்ச். இதற்கென்றே ஒதுக்கிய பழைய டூத் பிரஷ். கிழிந்த பருத்தி வேட்டி அல்லது சேலைத் துண்டுகள். கழுவி, வெட்டி விரித்த பால் கவர்கள் நாலைந்து. பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. வெள்ளை வினிகர் அல்லது மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட். சமையல் சோடா. மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பாட்டில். அவ்வளவுதான்.

கம்பி நார், பச்சை ஸ்க்ரப்பர், உப்புத்தாள், செங்கல் பொடி, சாம்பல் எதுவும் வேண்டாம். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கிறார்களே, அதுவும் மிக நுண்ணிய உப்புத்தாள் போன்றதுதான். ஒரு முறை அதிசயமாகத் துடைக்கும், பத்தாவது முறை மெருகு மங்கியிருக்கும். கோலா பானம் ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. அதில் இருக்கும் அமிலம் கொஞ்சம், சர்க்கரை நிறைய. எறும்புதான் வரும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து பொங்க வைப்பதைப் பலரும் செய்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்று அமிலம், ஒன்று காரம். சேர்ந்ததும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். இரண்டுமே நல்ல பொருள்கள், தனித்தனியாக.

இனி செய்முறை

1. ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். இரண்டு முறை ஃப்ளஷ் செய்யுங்கள். தரை மார்பிள் அல்லது மொசைக் என்றால் கோப்பையைச் சுற்றிப் பழைய துணியோ பிளாஸ்டிக் ஷீட்டோ விரியுங்கள். வினிகர் சொட்டினால் அந்த இடம் மங்கிவிடும், மறுபடி பாலிஷ் போடாமல் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

2. முடிந்தால் சீட்டைக் கழற்றுங்கள். இது பயமுறுத்தும் வேலை இல்லை. கோப்பையின் பின்பக்கம், சீட் பொருந்தும் இடத்துக்கு நேர் கீழே கையை விட்டால் இரண்டு நட்டுகள் தட்டுப்படும். பெரும்பாலும் கையாலேயே திருகக்கூடிய, காது வைத்த பிளாஸ்டிக் நட்டாக இருக்கும். மேலே போல்ட்டைப் பிடித்துக்கொண்டு கீழே நட்டைத் தளர்த்துங்கள். புதிய மாடல்களில் பொத்தானை அழுத்தினால் சீட் கையோடு வந்துவிடும். நட்டு, போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

கழற்றியதும் கீல் உட்கார்ந்திருந்த இடத்தைப் பாருங்கள். எவ்வளவு கழுவினாலும் வாடை போகவில்லை என்று புலம்பும் பல வீடுகளில் வாடை அங்கேதான் இருக்கிறது. நான் முதல் முறை கழற்றியபோது அங்கே ஒட்டியிருந்த மஞ்சள் படலத்தைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. அம்மா தினமும் உட்கார்ந்த இடம் அது.

3. வெறும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் முதலில். ஸ்பாஞ்சால் இரண்டு பக்கமும் கழுவி, கீல் மூலைகளை டூத் பிரஷ்ஷால் துலக்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மேலே இருந்தால் அதற்குக் கீழே உள்ள உப்பை அமிலம் தொடாது. கழுவி, துடைத்து, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஈரமாக இருந்தால் அடுத்துப் போடுவது நீர்த்துப்போகும்.

4. உப்புக் கறைக்குப் பத்துப் போடுங்கள். வீக்கத்துக்கு மருந்தை அரைத்துப் பூசி அது காயாமல் பார்த்துக்கொள்வோம் இல்லையா, அதே வேலைதான் இது. சீட் வளைவானது, ஊற்றுவது எதுவும் நிற்காமல் வழிந்துவிடும். துணிதான் அதைப் பிடித்து வைக்கும். ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரையுங்கள். வினிகர் என்றால் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே. பருத்தித் துண்டை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கறைமேல் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். அதன்மேல் பால் கவரை விரித்து மூடினால் காயாது. 30 நிமிடம் விடுங்கள். கீல் உலோகமாக இருந்தால் துணி அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்ததும் ஸ்பாஞ்சால் வட்டமாகத் துடையுங்கள். கறை மாவு போலக் குழைந்து வரும். வராத இடத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டாம். புதிதாக நனைத்த துணியால் இன்னொரு 30 நிமிடம். பல வருடக் கறை மூன்று, நான்கு சுற்று கேட்கும். கையின் பலத்தை நம்பாமல் நேரத்தை நம்புங்கள். தடிப்பாக இருக்கும் இடத்தைப் பழைய பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தால் மெல்லத் தள்ளிவிடலாம். பிளேடு வேண்டவே வேண்டாம்.

5. துருக்கறைக்கும் அதே சிட்ரிக் ஆசிட்தான். எலுமிச்சைச் சாறும் கல்லுப்பைப் பொடித்ததும் சேர்த்துக் குழைத்துப் பூசி ஒரு மணி நேரம் விடுவதும் கேட்கும். இங்கே பிளீச்சை மட்டும் நினைக்கவே வேண்டாம். பிளீச் இரும்பை இன்னும் துருவாக்கும், இளம்பழுப்பாக இருந்த கறை செங்கல் நிறத்துக்குப் போய் உறைந்துவிடும். திருகு துருப்பிடித்திருந்தால் கறையை எடுத்துப் பயனில்லை. அதே அளவில் எவர்சில்வர் அல்லது பிளாஸ்டிக் போல்ட் வாங்கி மாற்றுங்கள்.

6. சிறுநீர் மஞ்சளுக்கு முதலில் நான்காம் படியைச் செய்து, மேலே ஏறியிருக்கும் உப்பைக் கரையுங்கள். நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்த பிறகு, மூன்று பங்கு சமையல் சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டு இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்துப் பூசுங்கள். 20 நிமிடம் கழித்து ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள். இன்னும் மஞ்சள் நின்றால், சோடாவைக் கழுவிவிட்டு, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் துணியை நனைத்துப் பத்துப் போடுங்கள். கடையில் 6 சதவீதம் என்று இருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் நிறம் வெளுக்கும். பழுப்பு பாட்டிலிலேயே வைத்திருங்கள், வெளிச்சம் பட்டால் அது வெறும் தண்ணீராகிவிடும். வினிகரோடு இதைக் கலக்கக் கூடாது. அதிலிருந்து எரிச்சல் தரும் வேறொரு அமிலம் உண்டாகும்.

7. மஞ்சள் பொடிக் கறைக்கு வேலையே இல்லை. சோப்பால் கழுவி, கழற்றிய சீட்டை ஒரு மதிய நேரம் மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். சாயங்காலம் எடுக்கும்போது இருந்த இடம் தெரியாது. ஒரு மதியம் போதும். நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் பழுக்கும்.

தலைச்சாயமும் மருதாணியும் இவ்வளவு எளிதில் போகாது. பட்ட உடனே துடைத்தால் பிழைத்தோம். காய்ந்துவிட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்து, பிறகு பெராக்சைடு பத்து. பெயிண்ட் அடித்த சீட்டில் ஸ்பிரிட் படக் கூடாது.

8. பூஞ்சைக்கும் இளஞ்சிவப்பு வழுவழுப்புக்கும் மட்டுமே பிளீச். அதையும் அமிலம் போட்ட அன்று செய்யாமல் வேறொரு நாளுக்கு வையுங்கள். திரவப் பிளீச்சை லேபிளில் சொன்ன அளவுக்கு நீர்க்கச் செய்து, டூத் பிரஷ்ஷால் ரப்பர் குமிழ்களைச் சுற்றித் தடவி, 10 நிமிடத்தில் கழுவிவிடுங்கள். பிளீச்சிங் பவுடரை நேராகச் சீட்டில் தூவாதீர்கள். அதில் சுண்ணாம்பும் இருக்கிறது. கரையாமல் தங்கும் வெள்ளைப் படலம் உப்புக் கறைக்கு அடித்தளம் போட்டுக் கொடுக்கும். பிளீச் போட்டதும் உப்புக் கறை போய்விட்டது போலத் தெரிவதும் ஏமாற்றம்தான். கறையை வெளுத்திருக்கும், கரைத்திருக்காது. ஒரு வாரத்தில் மறுபடி நிறம் ஏறும்.

செப்டிக் டேங்க் வீடு என்றால் இன்னும் கவனம். அந்தத் தொட்டி வேலை செய்வதே அதில் வாழும் பாக்டீரியாவால். பிளீச்சும் கடும் அமிலமும் லிட்டர் கணக்கில் உள்ளே போனால் அவை செத்துவிடும். மேலே சொன்ன அளவுகளால் தொல்லை இல்லை.

9. கடைசி அலசலும் துடைப்பும். இங்கேதான் இன்னொரு தவறு நடக்கிறது. ஆர்.ஓ. ஃபில்டரின் கழிவுத் தண்ணீரைச் சேமித்துக் குளியலறை கழுவ வைத்திருப்போம். நல்ல பழக்கம்தான், தரைக்கும் கோப்பைக்கும். சீட்டுக்கு வேண்டாம். ஃபில்டர் பிரித்தெடுத்த உப்பு முழுதும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதில் அலசினால் புதுக்கறை அன்றே தொடங்கும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவது என்பதால் அதில் உப்பே இருக்காது. அலசியதும் உலர்ந்த துணியால் சொட்டு ஈரமில்லாமல் துடையுங்கள்.

10. மாட்டும்போது கீல் இடத்தையும் துடைத்துக் காயவைத்து, ரப்பர் வாஷர் மறக்காமல் போட்டு, இரண்டு நட்டையும் மாறி மாறிக் கையால் இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பீங்கானில் விரிசல் விடும். சீட் அசையாமல் இருக்கிறதா என்று இருபுறமும் தள்ளிப் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார்கள், ஆடும் சீட் அவர்களைத் தள்ளிவிடும்.

மறுபடி வராமல் இருக்க

எங்கள் வீட்டில் ஃப்ளஷ் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. அதில் ஒரு சிறிய பருத்தித் துண்டு, சீட்டுக்கு மட்டும். யார் போனாலும் வரும்போது சீட்டை ஒரு சுற்று துடைத்துவிட்டு வர வேண்டும். பத்து விநாடி வேலை. துண்டைத் தினமும் துவைத்து வெயிலில் போடுவோம். வாரம் ஒரு முறை சோப்பு, மாதம் ஒரு முறை 15 நிமிட வினிகர் பத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழற்றிக் கீல் இடம். நான் செய்வது இவ்வளவுதான். முதலில் குழந்தைகள் துடைக்காமல் வந்தார்கள். பாட்டி ஈரத்தில் வழுக்கி விழுந்துவிடுவார் என்று சொன்ன அன்றிலிருந்து ஒரு நாளும் மறக்கவில்லை.

சீட்டின்மேல் ஏறிக் குந்தி உட்காரும் பழக்கம் வீட்டுக்கு வரும் சிலருக்கு இருக்கும். அவர்களைக் குறை சொல்ல வேண்டாம், வாழ்நாள் பழக்கம் அது. ஆனால் செருப்பின் மண் சீட்டைக் கீறும், சீட் உடைந்தால் காயமும் படும். சீட்டைத் தூக்கி வைக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

விரிசல், உரிந்த மெருகு, வயதான பழுப்பு இவற்றுக்கு மருந்து கிடையாது. விரிசல் தோலைக் கிள்ளும், அழுக்கையும் பிடித்து வைக்கும். பி.பி. சீட் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. கடைக்குப் போகும் முன் மூன்று அளவு எடுங்கள்: கோப்பையின் இரண்டு துளைகளின் நடுவிலிருந்து நடு வரை, துளைகளிலிருந்து கோப்பையின் முன் விளிம்பு வரை, கோப்பையின் அகலமான இடத்தின் அகலம். மேலிருந்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமா, முட்டை வடிவமா, சதுர முனையா என்று கடைக்காரர் கேட்பார். வாங்கும்போது கீலில் இருப்பது எவர்சில்வரா என்று கேட்டு, அடிப்புறம் ரப்பர் குமிழ் நான்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். போர் தண்ணீர் வீட்டுக்கு, பட்ஜெட் இடம் கொடுத்தால், யூ.எஃப். சீட்டையே எடுங்கள். கீறல் விழுவது குறைவு, பத்துப் போட்டால் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். மாட்டிய அன்றே துண்டுக்கு ஆணியும் அடித்துவிடுங்கள்.